பிரேமலதா கையெழுத்துப் போட்ட இரண்டு வழிகள்

செம்பூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனிக்கு இழுத்த இரண்டு கேபிள் லைன்களும் ஒரே குழாய்க்குள்தான் கிடக்கின்றனவாம். இதை பிரேமலதாவிடம் சொன்னவள் அவள் தம்பி மனைவி பூமாரி. பூமாரியிடம் சொன்னவள், தாராவியில் அவளோடு தோல்பை தைக்கிற கூடத்தில் ஜிப் வைத்துத் தைக்கும் ஒருத்தி. அந்த ஒருத்திக்குச் சொன்னவன் அவள் புருஷன். அவன் ரோட்டில் கேபிள் குழி தோண்டுகிறவன். ஆக, செய்தி மூன்று வாய் மாறி, வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, இட்லித் தட்டோடு பிரேமலதாவின் முன்னால் வந்து நின்றது.

"சிரியோ சிரின்னு சிரிச்சானாம் மதினி. ரெண்டு கம்பெனிக்காரன் தனித்தனியா வந்தானாம், தனித்தனியா போர்டு மாட்டினானாம். கடைசில ரெண்டு பேரும் ஒரே ஓட்டைக்குள்ள கையை விட்டுட்டுப் போயிட்டானுவளாம். இதுகூடத் தெரியாம படிச்சவங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காவன்னு சிரிச்சானாம்."

"எந்தக் கம்பெனியாம்?"

"ரத்தம் பாக்குற கம்பெனின்னா. செம்பூர்ல அப்படி நூறு இருக்கும். உங்க கம்பெனியா இருக்காது. நீங்க சாப்பிடுங்க, இட்லி ஆறுது."

இட்லி ஆறியது. பூமாரி இரண்டாவது முறை சட்னி ஊற்ற வந்தபோது முதல் முறை ஊற்றியதே அப்படியே இருந்தது. அந்தப் படித்தவங்க வேறு யாருமில்லை, தான்தான் என்று பிரேமலதாவுக்குத் தோன்றிவிட்டது. மூன்று வாரங்களுக்கு முன்னால், 'இரு இணைப்புகளும் தனித்தனி வழிகளில் வருகின்றன' என்று இங்கிலீஷில் எழுதிய தாளின் அடியில் அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பிரேமலதாவுக்கு நாற்பத்திமூன்று வயது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து, அங்கேயே முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்து, பிறகு இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி ஒரு வருஷம் ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருந்தவள். பன்னிரண்டு முடித்ததும் சயானில் ஒரு மாடியறையில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ். அதன் சர்டிபிகேட்டில் பெயரைப் 'பிரேம்லதா' என்று தப்பாக அடித்திருந்தார்கள். திருத்தித் தரச் சொல்லிக் கேட்கப் போனபோது அந்த இடத்தில் மொபைல் கடை வந்திருந்தது.

செம்பூரில் இப்போதிருக்கும் ரத்தப் பரிசோதனை லேப்பில் அவள் சேர்ந்தது முன்வாசலில் பேஷன்ட் பெயர் அடிப்பதற்கு. இரண்டாவது மாதமே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வருகிறேன் என்ற இன்ஜினியர் இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் அவள் திருப்புளியை எடுத்து அதைத் திறந்தாள். அன்றிலிருந்து லேப்பில் எந்த மெஷின் இருமினாலும் "பிரேமாவைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் லேப்புக்குக் காட்கோபர், வாஷி, மாட்டுங்கா என்று இருபத்தோரு கிளைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் போய், சுவரில் ஓட்டை போடும் ஆளின் பக்கத்தில் நின்று, கேபிளை வாங்கி, நுனியை நறுக்கி, பொருத்திவிட்டு வந்தவள் அவள்தான். இன்ஜினியர் என்ற பட்டம் மட்டும் வரவில்லை. அவள் கல்யாணம் ஆகாததைப் பற்றிக் கேட்பதை லேபர் கேம்ப்பில் நிறுத்திவிட்டார்கள். பட்டம் இல்லாததைப் பற்றி ஆபீசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் அறையில் அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கேபிளிலும் தமிழில் எழுதிச் சீட்டு ஒட்டுவாள். 'காட்கோபர், தொடாதே.' 'வாஷி, மெதுவாக இழு.' 'இது எதுவும் இல்லை, ஆனால் பிடுங்காதே.' வெளியிலிருந்து வரும் டெக்னீஷியன்கள் ஹிந்தியோ மராட்டியோ படிப்பார்கள். இதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததைப் பிடுங்கப் பயமாக இருக்கும். ஆகவே பிடுங்குவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்தச் சீட்டுகளை அவளைத் தவிர வாசிக்க முயன்ற ஒரே ஆள் ஜெனரல் மேனேஜர் சங்கரன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். தமிழ் பேசுவார், படிப்பது எழுத்துக் கூட்டித்தான்.

"கா... ட்... கோ... பர்," என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசிப்பார். "அடுத்தது என்ன?"

"தொடாதேன்னு எழுதியிருக்கேன் சார்."

"தொடலை, படிச்சுண்டுதானே இருக்கேன்."

போன வருஷ மழையில்தான் இந்த லைன் விஷயம் ஆரம்பித்தது. லேப்பின் கணக்குகளும் ரிப்போர்ட்டுகளும் அப்போதே கிளவுடுக்குப் போய்விட்டன. கிளவுட் என்றால் வேறொன்றுமில்லை, வேறொரு கம்பெனியின் பெரிய கட்டடத்தில் வாடகைக்கு ஓடும் கம்ப்யூட்டர்கள். லேப்பிலிருந்து அதற்குப் போகும் வழி சாதாரண இன்டர்நெட். ஜூலையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. ஊரே வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்ததோ என்னவோ, வழி திணறியது. காட்கோபரில் டயாலிசிஸ் மெஷினில் படுத்திருந்த ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் எவ்வளவு என்று டாக்டர் மூன்று மணி நேரம் காத்திருந்தார். ரத்தம் இங்கே சோதித்தாகிவிட்டது. எண் மெஷினில் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் பிரேமலதா போனில் எண்ணைப் படித்துச் சொன்னாள். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் சங்கரன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இதுக்கு என்னென்ன வழி இருக்குன்னு நேக்குப் புரியற மாதிரி சொல்லுங்கோ. டைரக்டர்கள்ட்ட நான்தானே சொல்லியாகணும்."

"இப்ப நாம போறது பொது ரோடு சார். பெட்டியைப் பூட்டி, சீல் வச்சு அனுப்புதோம். வழியில யாராலயும் திறந்து பாக்க முடியாது. அதான் வி.பி.என். ஆனா பெட்டி போற வண்டி சயான் சிக்னல்ல எல்லா வண்டியோடயும் சேந்துதான் நிக்கணும்."

"சரி."

"ரெண்டாவது, தனி லைன். கிளவுட் கம்பெனிக்காரங்க டேட்டா சென்டர்ல தங்களோட வாசல்னு ஒண்ணு வச்சிருக்காங்க. நம்ம கட்டடத்துல இருந்து அந்த வாசல் வரைக்கும் நமக்குன்னே ஒரு தடம். பொது ரோட்டுப் பக்கமே போகாது. ஆனா வாசல் முழுசையும் நாமளே எடுக்கணும். நம்ம அளவுக்கு அது, மூணு பேர் போறதுக்கு ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடிச்ச மாதிரி."

"மூணாவது ஒண்ணு இல்லாம நீங்க ஆரம்பிச்சிருக்க மாட்டேளே."

"இருக்கு சார். ஏற்கெனவே அங்க பஸ் ஓட்டுற ஆள்கிட்ட நாலு சீட்டு மட்டும் நமக்குன்னு ரிசர்வ் பண்ணிக்கிறது. பார்ட்னர் மூலமா எடுக்கிறதுன்னு சொல்லுவாங்க. அந்தச் சீட்டுல வேற யாரும் உக்கார முடியாது. நாளைக்கு நமக்கு ஆறு வேணும்னா ஆறாக்கிக்கலாம்."

"அப்போ பூட்டு வேண்டாமா?"

"வேணும் சார். தனித் தடம்னா பூட்டு தானா வராது. அதை நாமதான் போடணும்."

சங்கரனுக்கு மூன்றாவது பிடித்தது. அதிலும் ஒன்று அறுந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று இரண்டு பார்ட்னர் கம்பெனிகள். ஒரு லைன் நவி மும்பையில் உள்ள டேட்டா சென்டருக்கு, மற்றது பவாய் பக்கம் உள்ளதற்கு. எல்லாம் எழுதி முடித்தபோது அவர் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"தனி வண்டி ரெண்டு ஓடறச்சே, அந்தப் பழைய பொது ரோடு எதுக்கு? வி.பி.என்.னை எடுத்துடலாமா?"

பிரேமலதா ஒரு நொடி யோசித்தாள். பிறகு, "தேவைப்படாது சார்" என்றாள். இரண்டு கம்பெனி, இரண்டு டேட்டா சென்டர், இரண்டு வேறு வேறு நிறக் கேபிள். அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெருமை இருந்ததனால்தான் அந்த ஒரு நொடி அவ்வளவு குட்டையாகப் போயிற்று என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

டைரக்டர்கள் கூட்டத்தில் அவள் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு டைரக்டர், "இதை டிசைன் பண்ணினவர் இன்ஜினியரா?" என்று கேட்டார். அவள் அங்கே நிற்பதைச் சங்கரன் மறந்துவிட்டாரா, நினைவிருந்தே சொன்னாரா, தெரியாது. "அவர் கையெழுத்துப் போட்டா, நான் போட்ட மாதிரி" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் குர்லாவில் மாற வேண்டிய ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போனாள். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும்போல் இருந்தது.

வியாழக்கிழமை அவள் இரண்டு கம்பெனிகளுக்கும் போன் செய்து கேபிள் போகும் வழியின் வரைபடம் கேட்டாள். முதல் கம்பெனி ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டது. இரண்டாவது கம்பெனியின் விற்பனைக்காரர், "செக்யூரிட்டி காரணமா வழியை வெளியில் தர்றதில்லை மேடம், டென்ஷன் மத் லீஜியே" என்று சிரித்தார். அவர் டென்ஷன் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அது நன்றாக வந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பேச்சிராஜாவின் நினைவு வந்தது. கண்ணாடி இழைக் கேபிளை ஒட்டுகிறவன். லைன் போட்டபோது லேப்பின் மாடிப்படியடியில் உட்கார்ந்து, தலைமயிரைவிடச் சன்னமான இழைகளை மெஷினில் வைத்து ஒட்டினான். இவள் பேச்சைக் கேட்டு, "யக்கா, எந்தப் பக்கம், சங்கரன்கோவிலா?" என்று கேட்டு, தானும் அந்தப் பக்கம்தான் என்று சொல்லி, இரண்டு டீ குடித்துவிட்டுப் போனவன். சனிக்கிழமை மத்தியானம் வருகிறேன் என்றான்.

வந்தான். லேப் வாசலிலேயே இரண்டு பேரும் நின்றுகொண்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஏல, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். எங்க ரெண்டாவது லைனை யாரு ஒட்டினது?"

"நாந்தான் யக்கா."

"மொத லைனை?"

"அதுவும் நாந்தான். நீங்கதான டீ வாங்கிக் குடுத்திய."

"அது மொத கம்பெனிக்குல்லா? ரெண்டாவது கம்பெனி வேறல்ல?"

பேச்சிராஜா முதுகுப் பையைத் திறந்து காட்டினான். உள்ளே மடித்த இரண்டு ஜாக்கெட். ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை. கழுத்தில் போடும் அடையாள அட்டையும் இரண்டு.

"காலையில பச்சை, மத்தியானம் ஆரஞ்சு யக்கா. ரெண்டு கம்பெனியும் ஒரே கான்ட்ராக்டருக்குத்தான் வேலையைக் குடுக்கான். கான்ட்ராக்டருக்கு நாங்க ஒம்பது பேருதான். செம்பூர்ல யாரு வீட்டுக்கு எந்தக் கம்பெனி லைன் போனாலும், ஒட்டுறது நாங்கதான்."

பிரேமலதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

"எங்க ஒட்டினே?"

அவன் நடந்தான். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நூறு அடி தள்ளி, ஒரு மருந்துக் கடைக்கு முன்னால், நடைபாதையில் ஒரு சிமென்ட் மூடி. அவனும் மருந்துக் கடை ஆளும் கம்பி கொடுத்துத் தூக்கினார்கள். உள்ளே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர், மேலே ஒரு சிப்ஸ் பாக்கெட் மிதந்தது. தண்ணீருக்குமேல் கொக்கியில் ஒரு கறுப்பு டப்பா தொங்கியது. அதற்குள் ஒரே ஒரு தடித்த கேபிள் வந்து நுழைந்தது.

"இந்த ஒரு கேபிள்தான் யக்கா நாகா முக்கு வரைக்கும் போவுது. இதுக்குள்ள நாப்பத்தெட்டு இழை. உங்களுக்கு மொத கம்பெனி குடுத்தது நீலம். ரெண்டாவது கம்பெனி மே மாசக் கடைசில வந்தான். மழைக்காலத்துல ரோட்டைத் தோண்ட விடமாட்டாங்கல்லா? குழி போட டைம் இல்லை. மொத கம்பெனிகிட்டயே ஒரு இழையை வாடகைக்கு எடுத்துட்டான். அது ஆரஞ்சு. நாகா தாண்டித்தான் ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம்."

"ரெண்டும் எனக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கு வாடிக்கைக்காரன் பேரு எங்க வரும்? நம்பர்தான் வரும். ரெண்டு நம்பர். ரெண்டு ஜாக்கெட்." அவன் குரல் தாழ்ந்தது. "குழி தோண்டுறவன்தான் மொதல்ல சொன்னான், ரெண்டும் ஒரே கட்டடத்துக்குல்லா போவுதுன்னு. நான் அப்பமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

அவள் குழியைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை அவள் சரியாகத்தான் கேட்டிருந்தாள்: இரண்டு கம்பெனியா, ஆம், இரண்டு டேட்டா சென்டரா, ஆம். இடையில் இருக்கும் முதல் ஒரு கிலோமீட்டரைக் கேட்கவில்லை. நாளைக்குத் தண்ணீர்க் குழாய் உடைந்து யாராவது அவசரமாக இங்கே ஒரு கடப்பாரையை இறக்கினால் நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தே போகும். ஏற்கெனவே முடிவு செய்தபடி திங்கட்கிழமை வி.பி.என்.னையும் எடுத்துவிட்டால் வேறு வழியே இருக்காது. இருபத்தோரு கிளை, அத்தனை ரத்தம், அத்தனை எண். போனில் படித்துச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்தான்.

மூடியைப் போட்டார்கள். திங்கட்கிழமை வி.பி.என்.னை எடுக்கப் போவதையும் அவனிடம் சொன்னாள். பேச்சிராஜா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, ஒண்ணு செய்யுங்க. யார்கிட்டயும் சொல்லாதிய. வி.பி.என்.னை எடுத்துட்டேன்னு சொல்லிட்டு, எடுக்காம ஓரமா ஓட விடுங்க. அது வேற கேபிள்லதான வருது. அக்டோபர்ல தோண்ட விட்டதும் ரெண்டாவதை வேற தெரு வழியா இழுத்து நானே ஒட்டிக் குடுத்துருதேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"உனக்குத் தெரியும். குழி தோண்டுறவனுக்குத் தெரியும். அவன் பொண்டாட்டிக்கு, எங்க பூமாரிக்கு. தாராவிக்கே தெரியும்ல, எங்க ஆபீசுக்கு மட்டும் தெரியாது."

"அதான் சொல்லுதேன், ஆபீசுக்குத் தெரியாதுல்லா."

அவன் சொன்னதில் தப்பில்லை. வேலையும் கெடாது, லைனும் பிழைக்கும். வி.பி.என்.னை ஓரமாக ஓட விடுவது அவளுக்குப் பத்து நிமிஷ வேலை. யோசித்தபடியே லேப்புக்குத் திரும்பினாள். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு சர்வர் அறைக்குள் போனாள். ஏசியின் குளிரில் தோள் சிலிர்த்தது. திரையைத் திறந்தாள். 'வி.பி.என்.' என்ற வரியும் அதற்கு நேரே பச்சைப் புள்ளியும் வந்தன. எதையும் தொடாமல் இருந்தாலே போதும்.

ஆனால் நான்கு மணிக்கு டைரக்டர்களின் வீடியோ கூட்டம் இருந்தது. மாட்டுங்காவில் வீட்டிலிருந்தே சங்கரன் அதில் உட்கார்வார். இரண்டு வழியும் தனித்தனி, பழையது வேண்டாம், திங்கட்கிழமை எடுத்துவிடுகிறோம் என்று சொல்வார். அவள் கையெழுத்தைத் தன் கையெழுத்தாகச் சொன்ன மனுஷர், பொய் என்று தெரியாமலே அதை இன்னொரு தடவை சொல்வார். அவள் இங்கே பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஒரு தாளை எடுத்து, சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தாள். 'நான் தப்பாகக் கையெழுத்துப் போட்டேன்' என்று ஆரம்பித்தாள். அடித்துவிட்டு, 'ஒரு விஷயம் சார்' என்று ஆரம்பித்தாள். அதையும் அடித்துவிட்டு முதலில் எழுதியதையே மறுபடி எழுதினாள். அதற்குக் கீழே: முதல் ஒரு கிலோமீட்டர் ஒரே கேபிள். வி.பி.என்.னை எடுக்க வேண்டாம், மூன்றாவது வழியாக இருக்கட்டும். லைன் இரண்டும் போனால் தானாக அதற்கு மாறும்படி நானே அமைத்துவிடுகிறேன். இரண்டாவது கம்பெனியிடம் அக்டோபரில் வேறு தெரு வழியாக இழுத்துத் தரும்படி எழுதி வாங்க வேண்டும். வழியின் வரைபடம் தராதவர்களிடம் இனி எதுவும் எடுக்க வேண்டாம்.

மணி மூன்று பத்து. போனை எடுத்துச் சங்கரனின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. ஆறேழு முறை அடித்து நின்றது.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார். சனிக்கிழமை மத்தியானம் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் இதற்கு முன் அவள் கூப்பிட்டதில்லை. விஷயத்தைச் சொன்னால் கோபப்படுவாரா, அல்லது, "நல்ல வேளை சொன்னேளே" என்பாரா? இல்லை, ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பாரா? கடைசி ஒன்றுதான் அவளுக்கு மற்ற எதையும்விடப் பயமாக இருந்தது.

மெசேஜ் அனுப்பலாமா என்று பார்த்தாள். 'நான் தப்பு' என்று அடித்து அழித்தாள். இது மெசேஜில் சொல்கிற விஷயமில்லை. அவர் குரல் கேட்கிற இடத்தில் தன் வாயால் சொல்ல வேண்டும்.

மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி அழுத்தினாள். தாளை இடது கையில் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. சொல்ல வேண்டிய முதல் வரியை உதட்டுக்குள் தயாராக வைத்துக்கொண்டு, நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று. நான்கு.